ஒரே வீடு, வேற அடுப்பு: பிளேஸ்டேஷன் ஸ்டூடியோ வாங்கின கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை சித்தப்பா மகன் ஒரு காகிதக் கட்டைத் தூக்கிக்கிட்டு நேரா ஆபீசுக்கே வந்துட்டான். நான் காரைக்குடியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், வரி, ஜிஎஸ்டி, பார்ட்னர்ஷிப் பத்திரம் இதெல்லாம்தான் பொழப்பு, அதனால சொந்தத்துல யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் முதல்ல என் மேஜைக்குத்தான் வரும். "அண்ணே, கொஞ்சம் படிச்சுப் பாருங்க, கையெழுத்துப் போடலாமா வேணாமான்னு நீங்க சொன்னா சரி"ன்னான்.

அவனும் கூட நாலு பசங்களும் செக்காலை ரோட்ல ஒரு மாடி ரூம்ல ரெண்டரை வருஷமா ஒரு கேம் பண்ணிக்கிட்டு இருக்காங்க. பெரிய வளவு வீடு, ராத்திரி நேரம், கரண்ட் இல்ல, ஒரு சின்னப் பொண்ணு அப்பத்தாவோட பெட்டகச் சாவியைத் தேடிக்கிட்டுப் போறா, அவ்வளவுதான் கதை. ஆனா முத்தத்துல நிலா வெளிச்சம் விழுந்து தூண் நிழல் ஆத்தங்குடிக் கல்லு மேல நீண்டு வர்றதைப் பாத்தப்ப எனக்குப் பேச்சே வரல, சின்ன வயசுல தரையில படுத்துக்கிட்டு நான் பாத்த அதே வெளிச்சம் அது. சென்னையில ஒரு கம்பெனி இதைப் பாத்துட்டு டீமோட சேத்து மொத்தமா வாங்கிக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. தொகை மோசமில்ல. ஒன்பதாவது பக்கத்துலதான் என் கண்ணு நின்னுச்சு: வாங்கினதுக்கப்புறம் டீம் கம்பெனி கையில ஏற்கனவே இருக்கிற பிராஜெக்ட்டுகளுக்கு மாத்தப்படும்னு ஒரே ஒரு வரி. அந்தக் கம்பெனி கையில இருக்கிறது பூரா சீட்டாட்ட ஆப்.

உடனே பதில் சொல்ல எனக்கு மனசு வரல. ஒரு வாரம் டைம் கொடுடான்னு சொல்லி அனுப்பிட்டு, கேம் பண்ற ஸ்டூடியோக்களை வாங்குறதையே ஒரு தொழிலா 30 வருஷத்துக்கு மேல பண்ணிக்கிட்டு இருக்கிற ஆளுங்க என்ன பண்ணாங்க, எது நின்னுச்சு எது விழுந்துச்சுன்னு உக்காந்து படிச்சேன். முக்கியமா பிளேஸ்டேஷன் கேம் மெஷின் பண்ற சோனி, ஏன்னா பிரமாதமா வாங்கினதும் அவங்கதான், பயங்கரமா அடி வாங்கினதும் அவங்கதான். படிச்சதைத்தான் இங்க எழுதுறேன், அந்த அஞ்சு பசங்களுக்காக ஆரம்பிச்சது, வேற யாருக்காவதும் உதவட்டும்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு, வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கல்யாணம் ஆகி கொஞ்ச நாள் ஆனதும் மகனையும் மருமகளையும் "வேற வைப்பாங்க". வீட்டை விட்டு அனுப்புறதுன்னு நினைக்காதீங்க, வீடு அதே வீடுதான், அதே முகப்பு, அதே முத்தம், நல்லது கெட்டதுக்கு எல்லாரும் ஒண்ணா நிப்பாங்க, ஆனா அடுப்பு தனி, வருஷத்துக்கு இவ்வளவு அரிசி பருப்பு இவ்வளவு பணம்னு கணக்குப் பண்ணிக் கொடுத்துடுவாங்க, அதுக்குள்ள என்ன சமைக்கிறாங்க எப்படி நடத்துறாங்கங்கிறது அவங்க பாடு. மாமியார் வந்து சட்டியைத் திறந்து பாக்க மாட்டாங்க. ஸ்டூடியோவை வாங்கிக் கூட வச்சுக்கிறதுல இதை விடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியல, படிக்கப் படிக்க இந்த அடுப்புக் கணக்குத்தான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

இன்சோம்னியாக்

கலிபோர்னியாவுல பர்பேங்க்ல இருக்கிற ஸ்டூடியோ. 1994ல ஆரம்பிச்சாங்க. முதல் கேம் 1996ல, 1998ல ஸ்பைரோ, 2002ல ராட்செட் அண்ட் கிளாங்க், 2006ல ரெசிஸ்டன்ஸ், எல்லாமே பிளேஸ்டேஷனுக்கு. நான் ராட்செட் ஆடினது கல்லுக்கட்டி பக்கத்துல இருந்த ஒரு கேம் சென்டர்ல, மணிக்கணக்குல காசு, மெமரி கார்டை நம்மளே சட்டைப் பையில வச்சு எடுத்துட்டுப் போகணும். அப்ப எல்லாம் இவங்க சோனியோட சொந்த ஸ்டூடியோன்னுதான் நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம். நிஜத்துல கிடையாது, தனி ஆளுங்கதான். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு சோனி இவங்க கூட ஒப்பந்தம் மேல ஒப்பந்தமா வேலை பாத்துச்சே தவிர வாங்கல. நடுவுல 2014ல சன்செட் ஓவர்டிரைவ்னு ஒண்ணை எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குப் பண்ணிக் கொடுத்தாங்க, அதாவது எதிர் கடையான மைக்ரோசாஃப்ட்டோட மெஷினுக்கு, அதுக்காகவும் உறவு முறியல. 2018 செப்டம்பர்ல மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் வந்துச்சு, அடுத்த ஜூலைக்குள்ள 1 கோடியே 32 லட்சம் பிரதி. அதுக்கு அடுத்த மாசம், 2019 ஆகஸ்ட்ல, சோனி வாங்கினாங்க. விலை 22 கோடியே 90 லட்சம் டாலர்.

இந்த நம்பரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

கணக்குப் பாக்குறவனா சொல்றேன், ஒரு கேம் ஸ்டூடியோவோட ஆஸ்தியை எழுதச் சொன்னா என்ன எழுதுவீங்க? கம்ப்யூட்டர், நாற்காலி, கட்டடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ். அதுல பத்துப் பைசா கூட மிஞ்சாது. விலையில பெரும்பகுதி குட்வில்னு ஒரு தலைப்புக்குக் கீழ போய் உக்காரும், எங்க ஊர் பாஷையில கைராசின்னு வச்சுக்கலாம். அந்தக் கைராசி எதுல இருக்குன்னா, ஒருத்தர் ஓடுற கேமராவைப் பண்ணுவார், ஒருத்தர் கைக்குத் தர்ற அதிர்வைப் பண்ணுவார், ரெண்டு பேரும் பத்து வருஷமா பக்கத்துப் பக்கத்து சீட்ல இருப்பாங்க, ஒருத்தர் தொண்டையைச் செருமினாலே மத்தவருக்கு எது பிடிக்கலைன்னு தெரிஞ்சுடும். அந்தப் பழக்கத்தைத்தான் சோனி வாங்கினாங்க. கிட்டத்தட்ட 25 வருஷம் அதைக் கண்ணால பாத்துட்டு வாங்கினாங்க. வாங்கினதுக்கப்புறம் அவங்ககிட்ட என்ன சமைக்கச் சொன்னாங்க? அதையேதான். 2020 நவம்பர்ல மைல்ஸ் மொராலஸ், 2021 ஜூன்ல ராட்செட் அடுத்த பாகம், 2023 அக்டோபர்ல ஸ்பைடர்மேன் 2. மூணு வருஷத்துல மூணு பெரிய கேம், அதுவும் கொரோனா காலத்துல.

அதுக்காக வேற வைக்கிறதுன்னா ஒரே சமையலைக் காலம் பூரா பண்ணணும்னு அர்த்தம் இல்ல. ஆம்ஸ்டர்டாம்ல கெரில்லான்னு ஒரு ஸ்டூடியோ, 2005ல வாங்கினாங்க, துப்பாக்கிச் சுடுற கேம் மட்டுமே பண்ணிக்கிட்டு இருந்தவங்க. திடீர்னு நாங்க திறந்த காடு, இயந்திர மிருகம், வில்லு அம்போட ஒரு பொண்ணுன்னு ஒண்ணு பண்றோம்னாங்க. அதுக்கு வருஷக்கணக்குல பணமும் டைமும் கொடுத்தாங்க, 2017ல ஹொரைசன் வந்துச்சு. சக்கர் பஞ்ச் 2011ல உள்ள வந்தவங்க, சூப்பர் ஹீரோ கேம் பண்ணவங்க, 2020ல சுஷிமா தீவுக்குப் போய் சாமுராய் கதை பண்ணாங்க. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்னு சொல்வாங்களே, அதைச் செஞ்சு காட்டின இடம் இது. இதுல நான் பாத்த விஷயம் என்னன்னா, ரெண்டு இடத்துலயும் சமையலை மாத்தலாம்னு சொன்னது சமைக்கிறவங்க. மேல இருந்து வந்த உத்தரவு கிடையாது.

பழகி வாங்கினா எல்லாம் நிக்கும்னு ஒரு சூத்திரம் போட்டுடலாமேன்னு முதல்ல நினைச்சேன், அப்படிப் போட முடியல. சைக்னோசிஸ்ங்கிற இங்கிலாந்து ஸ்டூடியோவை சோனி 1993லயே வாங்கிட்டாங்க, பிளேஸ்டேஷன் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே. வைப்பவுட் அவங்க கேம்தான், ஐரோப்பாவுல பிளேஸ்டேஷனுக்கு ஒரு முகம் கிடைச்சதே அதனாலதான்னு சொல்லலாம். பேரை ஸ்டூடியோ லிவர்பூல்னு மாத்தி, 2012ல மூடிட்டாங்க. அதே வருஷம் ஜிப்பர் இன்டராக்டிவ், 2016ல எவல்யூஷன். எல்லாம் பழகினவங்கதான். பழக்கம் உள்ள நுழைய உதவுது, உள்ள நிக்க வைக்கிறது வேற ஒண்ணு.

2022க்கு அப்புறம்

இங்கதான் என் மனசு ரொம்பக் கஷ்டப்பட்டுச்சு. ஆன்லைன்ல வருஷக்கணக்குல ஓடிக்கிட்டே இருக்கிற, ஆடுறவங்ககிட்ட மாசாமாசம் காசு வந்துக்கிட்டே இருக்கிற மாதிரி கேம், லைவ் சர்வீஸ்னு சொல்றாங்க, அதுல நாம பின்தங்கிட்டோம்னு சோனிக்கு ஒரு பயம் வந்துருச்சு. 2026 மார்ச்சுக்குள்ள அந்த மாதிரி 10க்கு மேல இறக்குறோம்னு 2022ல அறிவிச்சாங்க. தனியா உக்காந்து கதை ஆடுற கேமுக்குப் பேர் போன வீடு இது, திடீர்னு எல்லா அடுப்புலயும் ஒரே பதார்த்தம் வேகணும்னு உத்தரவு போட்ட மாதிரி ஆச்சு.

அந்த உத்தரவுக்காகத்தான் டெஸ்டினிங்கிற ஆன்லைன் கேமைப் பண்ற பங்கீ ஸ்டூடியோவை வாங்கினது. 2022 ஜனவரி 31 அன்னிக்கு அறிவிச்சாங்க, 360 கோடி டாலர். இன்சோம்னியாக் விலையில கிட்டத்தட்ட 16 மடங்கு. அதுல சுமார் 120 கோடி டாலர் ஆளுங்க விட்டுட்டுப் போயிடாம இருக்கிறதுக்காகன்னு ஒதுக்கினது. பர்மாவுக்கு ஏஜெண்டு அனுப்பின காலத்துல எங்க பெரியவங்களும் இப்படித்தான், மூணு வருஷக் கெடு, சம்பளத்துல ஒரு பகுதி முன்னாடி, கெடு முடிஞ்சு கணக்கு ஒப்படைச்சதும் லாபத்துல பங்கு. ஆளை நிறுத்தி வைக்கப் பணம் கட்டுறது புதுசு இல்ல. ஆனா அந்த ஏஜெண்டு பெட்டியடிப் பையனா சேர்ந்து, அடுத்தாளா இருந்து, படிப்படியா மேல வந்தவன், அவன் கையெழுத்து, கோபம், குடும்பம் எல்லாம் முதலாளிக்குத் தெரியும். பங்கீயை சோனிக்கு அந்த அளவுக்குத் தெரியுமா? டெஸ்டினி கேமை விளம்பரப்படுத்தினதுல பழக்கம் உண்டு. அது சம்பந்தி பழக்கம், ஒரே வளவுல வளந்த பழக்கம் ஆகாது.

காகிதத்துல தனி அடுப்புதான். சுதந்திரமா இருப்பாங்க, எக்ஸ்பாக்ஸ்லயும் கேம் விடுவாங்கன்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா எதிர்பார்த்த வரவு வரல. 2023 அக்டோபர்ல சுமார் 100 பேரை நிறுத்தினாங்க. 2024 ஜூலை 31ல 220 பேர், மொத்த ஆள்ல 17 சதவீதம், இன்னும் 155 வேலையிடங்களை சோனிக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. மாரத்தான்னு பண்ணிக்கிட்டு இருந்த கேமை 2025 ஜூன்ல தேதி சொல்லாமத் தள்ளிப்போட்டாங்க. அந்த வருஷம் நவம்பர்ல பங்கீ கணக்குல சுமார் 3150 கோடி யென் மதிப்பைக் குறைச்சு எழுதினாங்க. குறைச்சு எழுதுறதுன்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு: இந்தச் சொத்து நாம வாங்கினப்ப நினைச்ச அளவுக்குப் பெறாதுன்னு பேரேட்டுல நாமளே ஒத்துக்கிறது. எங்க ஆபீஸ்ல கிளையண்ட் ஒருத்தர் அந்த வரியில கையெழுத்துப் போடுறப்ப பேனாவைக் கீழ வச்சுட்டு ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்திருந்ததைப் பாத்திருக்கேன்.

ஃபயர்வாக் கதை இன்னும் சுருக்கு. வாஷிங்டன் மாநிலத்துல பெல்வியூங்கிற ஊர். ஒரு கேம் கூட வெளியிட்டிருக்கல, கான்கார்ட்னு ஒரு ஆன்லைன் கேமைப் பண்ணிக்கிட்டு இருக்கிறப்பவே 2023 ஏப்ரல்ல வாங்கினாங்க. 2024 ஆகஸ்ட் 23ல கேம் வந்துச்சு, விலை 40 டாலர். ஆடுறதுக்கு ஆள் வரல. செப்டம்பர் 6ல கேமையே நிறுத்தி வாங்கினவங்களுக்கு எல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. பதினாலு நாள். அக்டோபர் முடியறதுக்குள்ள ஸ்டூடியோவையே மூடிட்டாங்க. அந்தப் பிள்ளைங்க வருஷக்கணக்குல பண்ணின வேலை, இன்னிக்கு ஆசைப்பட்டாலும் ஆடிப் பாக்க முடியாது.

அதே செப்டம்பர் 6ஆம் தேதிதான், தேதியை ரெண்டு தடவை சரிபார்த்தேன், சோனியோட டோக்கியோ ஸ்டூடியோ டீம் அசோபி, ஆஸ்ட்ரோ பாட் கேமை வெளியிட்டாங்க. அறுபது சொச்சம் பேர் உள்ள சின்ன டீம். ஒரு குட்டி ரோபோ குதிச்சுக் குதிச்சுப் போகும், கையில கண்ட்ரோலர் மழைக்கு ஒரு மாதிரி, மணலுக்கு ஒரு மாதிரி நடுங்கும், எங்க அக்கா மகன் ஆறு வயசு, மழை வர்ற இடத்துல ஆட்டத்தை நிறுத்திட்டு கண்ட்ரோலரைக் காதுல வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தான். டிசம்பர்ல அந்த வருஷத்தோட சிறந்த கேம்னு கேம் அவார்ட்ஸ்ல பரிசு வாங்குச்சு. இந்த டீமே ஜப்பான் ஸ்டூடியோங்கிற பழைய பெரிய ஸ்டூடியோவை 2021 ஏப்ரல்ல கலைச்சப்ப மிஞ்சி நின்னது. பல பேர் வெளிய போனாங்க, இவங்களை மட்டும் தனியா வச்சு அவங்க பாட்டுக்கு விட்டாங்க. ஒரே வீட்டுல ஒரே நாள்ல ஒரு அடுப்பு அணைஞ்சுது, ஒரு அடுப்புல பொங்கல் பொங்குச்சு.

இன்னொண்ணும் சொல்லியாகணும். அதே லைவ் சர்வீஸ் வகையில சோனிக்கு ஒரு பெரிய வெற்றி கிடைச்சது, 2024 பிப்ரவரியில ஹெல்டைவர்ஸ் 2, பன்னெண்டு வாரத்துல 1 கோடியே 20 லட்சம் பிரதி. பண்ணினது ஸ்டாக்ஹோம்ல இருக்கிற ஆரோஹெட். சோனி அவங்களை வாங்கவே இல்ல! முதல் ஹெல்டைவர்ஸ் 2015ல வந்துச்சு, அப்ப இருந்து அவங்களுக்குக் கைவந்த சமையல் அதுதான், அதையே பெருசாப் பண்ணக் காசு கொடுத்தாங்க. ஆனா நாட்டி டாக் கிட்ட, அன்சார்ட்டட் கேம் காலத்துல இருந்து கதை கேமுக்குன்னே பேர் வாங்கின ஸ்டூடியோகிட்ட, வருஷக்கணக்குல ஒரு ஆன்லைன் கேம் வேகவச்சு 2023 டிசம்பர்ல அதைக் கொட்டிட்டாங்க. 2025 ஜனவரியில பெண்ட், புளூபாயிண்ட் ரெண்டு ஸ்டூடியோலயும் லைவ் சர்வீஸ் பிராஜெக்ட்டை ரத்து பண்ணினாங்க. 10க்கு மேலன்னு சொன்னதை 2023 நவம்பர்லயே பாதியாக் குறைச்சாச்சு. நடுவுல 2024 பிப்ரவரியில 900 பேருக்கு வேலை போச்சு, லண்டன் ஸ்டூடியோ மூடினாங்க, அந்த 900ல இன்சோம்னியாக் ஆளுங்களும் நாட்டி டாக் ஆளுங்களும் இருந்தாங்க. ஒழுங்காச் சமைச்ச அடுப்புக்காரங்களும் சேர்ந்து அடி வாங்கினது எனக்கு ஆறவே இல்ல.

எதிர் வீடு

மைக்ரோசாஃப்ட்டைச் சொல்லாம இந்த ஆய்வு முழுசாகாது, அதுவும் பங்கீயை முதல்ல வாங்கினவங்களே அவங்கதான். 2000 ஜூன்ல வாங்கி, 2001 நவம்பர்ல எக்ஸ்பாக்ஸ் கூடவே ஹேலோ வந்துச்சு, அந்த மெஷின் நின்னதே அந்த ஒரு கேம்லதான். ஆனா 2007ல பங்கீ தனியாப் போயிட்டாங்க, ஹேலோ மைக்ரோசாஃப்ட்கிட்டயே நின்னுச்சு. தூண் நின்னுச்சு, ஆசாரி போயிட்டாரு. இங்கிலாந்துல ரேர், 2002ல 37 கோடியே 50 லட்சம் டாலர், நிண்டெண்டோ மெஷின்ல கோல்டன்ஐ பண்ணின கை, டாங்கி காங் கேமோட உரிமை நிண்டெண்டோகிட்டயே இருந்துருச்சு, ஆரம்பிச்ச அண்ணன் தம்பி ரெண்டு பேரும் 2007ல வெளிய போனாங்க. அப்புறம் 2018ல சீ ஆஃப் தீவ்ஸ்னு ஒரு பெரிய வெற்றியை ரேர் தொட்டாங்க. லயன்ஹெட்டை 2006ல வாங்கி 2016ல மூடினாங்க, கதை கேம் பண்ணினவங்களை ஒருத்தரை நாலு பேர் எதிர்க்கிற இலவச ஆன்லைன் கேம் பண்ண வச்சு, அது வெளிய வராமலே போச்சு. சோனி படிச்சிருக்க வேண்டிய பாடம் எதிர் வீட்டுல அப்பவே நடந்துருச்சு.

மோஜாங் மட்டும் வேற மாதிரி. 2014ல 250 கோடி டாலர் கொடுத்து மைன்கிராஃப்டை வாங்கி, பிளேஸ்டேஷன்ல இருந்து எடுக்காம, எல்லா இடத்துலயும் ஓட விட்டாங்க. 2023ல 30 கோடி பிரதி தாண்டுச்சு. இன்சோம்னியாக் மாதிரி நீண்ட முன்பழக்கம் இல்லாம வாங்கி நல்லா நின்ன கேஸ் இது, அடுப்பைத் தொடாம விட்டதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

அப்புறம் மொத்தக் கொள்முதல். 2020 செப்டம்பர்ல பல ஸ்டூடியோவைக் கையில வச்சிருந்த ஜெனிமேக்ஸ் கம்பெனி, 750 கோடி டாலர்னு அறிவிப்பு. 2022 ஜனவரியில ஆக்டிவிஷன் பிளிசார்ட், 6870 கோடி டாலர், அமெரிக்க, பிரிட்டன் அதிகாரிகளோட மல்லுக்கட்டி 2023 அக்டோபர் 13ல முடிஞ்சுது. இன்சோம்னியாக் நம்பரை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல, வகுத்துப் பாருங்க, சரியா 300 இன்சோம்னியாக். மாசச் சந்தா கட்டினா நூத்துக்கணக்குல கேம் ஆடலாம்ங்கிற கேம் பாஸ் திட்டம் மைக்ரோசாஃப்ட்கிட்ட இருக்கு, மெஸ்ல மாச டோக்கன் வாங்கினவனுக்கு தினம் ஏதாவது புதுசா இலையில விழணும்ல, அதுக்காகச் சமையக்கட்டை எல்லாம் மொத்தமா வளைச்சுப் போட்டாங்க. ஆக்டிவிஷன் வாங்கி முடிச்ச மூணரை மாசத்துல, 2024 ஜனவரி 25ல 1900 பேர் வீட்டுக்கு.

அதுக்கு சரியா ஒரு வருஷம் முன்னாடி, 2023 ஜனவரி 25ல, ஜெனிமேக்ஸோட சேந்து வந்த டோக்கியோ ஸ்டூடியோ டாங்கோ, ஹைஃபை ரஷ்னு ஒரு கேமை அறிவிச்ச அன்னிக்கே வெளியிட்டாங்க. தாளத்துக்கு அடிச்சு ஆடற கேம், மரம் ஆடறதும் விளக்கு மினுங்குறதும் நடக்குறதும் எல்லாமே அந்த பீட்லதான். பயமுறுத்துற கேமுக்குப் பேர் போனவங்க, தாங்களே ஆசைப்பட்டு மாத்தின சமையல். எல்லா அளவுலயும் வெற்றின்னு மைக்ரோசாஃப்ட் தரப்புலயே பொதுவுல சொன்னாங்க, ஒலி வடிவமைப்புக்குப் பரிசு வாங்குச்சு. 2024 மே 7ல ஜெனிமேக்ஸோட இன்னொரு ஸ்டூடியோ ஆர்க்கேன் ஆஸ்டினோட சேத்து இவங்களையும் மூடுறோம்னு அறிவிப்பு வந்துச்சு. ஆர்க்கேனுக்காவது ரெட்ஃபால்னு ஒரு தோல்வி இருந்துச்சு, அதை ஆரம்பிச்சதும் பழைய முதலாளி காலத்துல, அது வேற விஷயம். டாங்கோவுக்கு என்ன குறை? என் கணக்கு, அடுப்புக் கணக்கு எல்லாம் இங்க வந்து நின்னுருது. நல்லாச் சமைச்சாங்க, சாப்பிட்டவங்க நல்லா இருக்குன்னாங்க, இருந்தும் அணைச்சாங்க. அந்த ஆகஸ்ட்ல கொரியாவோட கிராஃப்டன் கம்பெனி டாங்கோவையும் அந்த கேமோட உரிமையையும் எடுத்துக்கிட்டாங்கன்னு படிச்சப்பதான் மூச்சு வந்துச்சு.

மொத்தமா வாங்குறது எப்படி முடியும்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எங்க ஐயாவோட பங்காளி வீடு, பதினோரு பங்குக்காரங்க, மலேசியாவுல ரெண்டு பேர், சென்னையில அஞ்சு பேர், யாராலயும் மராமத்து பாக்க முடியல, ஒரு வியாபாரிக்குக் கொடுத்தாங்க. பிரிக்கிற அன்னிக்கு நான் போயிருந்தேன். உத்தரத்துல எல்லாம் சாக்பீஸால நம்பர் போட்டிருந்தாங்க. நிலைக்கதவு தனி, தூணு தனி, பெல்ஜியம் கண்ணாடி தனி. ரெண்டு மாசம் கழிச்சு முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு பழைய சாமான் கடை வாசல்ல எங்க வளவுத் தூணு ஒண்ணு சாத்தி வச்சிருந்தாங்க. எப்படி அடையாளம் தெரிஞ்சுதுன்னா, இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு முழம் மட்டும் வழவழன்னு கருத்திருக்கும், நாலு தலைமுறை ஆச்சிங்க முதுகு சாஞ்சு உக்காந்து எண்ணெய் ஏறின இடம். தடவிப் பாத்தேன். யாரோ ஒரு ஓட்டல்காரர் வாங்கிட்டுப் போவார், நல்ல பர்மா தேக்கு, இன்னும் நூறு வருஷம் நிக்கும். ஆனா அந்த இடத்துல இனி யார் முதுகும் சாயாது.

நிண்டெண்டோ இதுல ரொம்பக் கம்மியா வாங்குறவங்க, அதனால ஒரு வார்த்தையில முடிச்சுடறேன். வான்கூவர்ல நெக்ஸ்ட் லெவல்ங்கிற ஸ்டூடியோ கூட 2005ல இருந்து வேலை பாத்து 2021ல வாங்கினாங்க. ரெட்ரோங்கிற ஸ்டூடியோவை முழுசா எடுத்துக்கிட்ட 2002லயே அவங்க பண்ணின மெட்ராய்ட் பிரைம் கேம் வந்துச்சு. போகிமான் கேம் பண்ற கேம் ஃபிரீக்கை இன்னிக்கு வரைக்கும் வாங்கல, போகிமான் வந்துக்கிட்டேதான் இருக்கு.

செக்காலை ரோடு

ஒரு ஞாயித்துக்கிழமை மாடி ரூம்ல அஞ்சு பேரையும் உக்கார வச்சு இதை எல்லாம் சொன்னேன். ஒரு பையன் கேட்டான், "அப்ப விக்கவே கூடாதா அண்ணே?" அப்படி நான் சொல்லல. நாட்டி டாக் 2001ல வித்தவங்கதான், இன்சோம்னியாக் வித்தவங்கதான், வித்ததாலதான் அந்தப் பெரிய கேமுக்கு எல்லாம் காசு கிடைச்சது. ரூமுக்கு வாடகை ரெண்டு மாசம் பாக்கி, ஒரு பையன் வீட்டுல கல்யாணச் செலவு, எனக்குத் தெரியாததா.

எதை விக்கிறோம்ங்கிறதுலதான் நிதானம் வேணும். பேரை எடுத்துக்குங்க. கிராஷ் பாண்டிகூட்டைப் பண்ணினது நாட்டி டாக், ஸ்பைரோவைப் பண்ணினது இன்சோம்னியாக், ரெண்டும் பிளேஸ்டேஷனோட முகமா இருந்த பொம்மைங்க, ஆனா உரிமை யுனிவர்சல் கையில இருந்துச்சு, கை மாறிக் கை மாறி ஆக்டிவிஷனுக்குப் போய் 2023ல இருந்து மைக்ரோசாஃப்ட்கிட்ட இருக்கு. பண்ணின ரெண்டு ஸ்டூடியோவும் சோனி வீட்டுல. "உங்க பொண்ணு நாளைக்கு யார் வீட்டுல இருப்பா?"ன்னு கேட்டேன், அந்த கேம்ல வர்ற சின்னப் பொண்ணைத்தான். சித்தப்பா மகன் முகம் மாறிடுச்சு, அவளோட நடையை அவன் தங்கச்சி சின்ன வயசுல நடந்த வீடியோவைப் பாத்துப் பாத்துப் பண்ணியிருக்கான்.

அன்னிக்கு ராத்திரியே உக்காந்து பதில் எழுதினோம். ஒன்பதாவது பக்கத்து வரியை எடுக்கணும், இந்த கேம் வெளிய வந்து ஒரு வருஷம் வரைக்கும் அஞ்சு பேரையும் வேற வேலைக்கு மாத்தக் கூடாது, காரைக்குடியிலயே இருந்து வேலை பாப்போம், டீமைக் கலைச்சா பொண்ணோட பேரும் கதையும் போட்ட விலைக்கே எங்களுக்குத் திரும்ப வரணும். தொகையில வேணும்னா பத்துல ஒண்ணு குறைச்சுக்கிறோம்னும் எழுதினோம், அதை எழுதச் சொன்னது கல்யாணச் செலவு இருக்கிற அந்தப் பையன்தான்.

பத்து நாள் ஆச்சு, இன்னும் பதில் வரல. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு சித்தப்பா மகன் போன் பண்ணினான், நான் பதில் வந்துருச்சோன்னு பதறி எடுத்தேன். "அண்ணே, கிழக்குப் பாத்த வீட்டுல பௌர்ணமி அன்னிக்கு முத்தத்துல வெளிச்சம் முதல்ல எந்தப் பக்கம் விழும்?" மேற்குப் பக்கத் தூண் உச்சியிலடா, அங்க இருந்து மெதுவாக் கீழ இறங்கும், நீ சோத்தைச் சாப்பிட்டுட்டு வந்து பாத்தா பாதித் தூணுக்கு வந்திருக்கும்னு சொன்னேன். "அதான், தப்பாப் போட்டிருக்கோம்"னு வச்சுட்டான்.